சுங்கை சிப்புட்டில் மினி டிராக்டர் பழுதுக்கு ஒரு நம்பிக்கையான பட்டறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மினி டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே தலைவலிதான். வண்டி படுத்துவிட்டால் எங்கே கொண்டு போவது? கார் போமென் (மெக்கானிக்) தொடமாட்டார். லோரிப் பட்டறையில் "இது ஜப்பான் ரீகான் (பழசைச் செப்பனிட்டு இறக்கியது), சாமான் கிடைக்காது" என்று கையை விரித்துவிடுவார்கள். ஈப்போவுக்கு ஏற்றிக்கொண்டு போனால் லோரிக் கூலியே செம்பனைப் பழம் விற்ற காசில் ஒரு பங்கைத் தின்றுவிடும், அங்கே போய் வரிசையில் நிற்பது வேறு. அதனால்தான் லிந்தாங் போகும் சாலைப் பக்கம் இருக்கும் இந்தப் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, முன்னால் பழைய டிராக்டர் டயர்கள், பிரித்துப் போட்ட ஒரு முன் ஆக்சில். சாப்பாட்டுக் கடையில் "டிராக்டர் அண்ணன் பட்டறை" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

அண்ணனுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தோட்டத்துப் பட்டறையில் சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, மாஸி பெர்குசன் 135-லும் அதிலிருக்கும் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜினிலும் கை பழகியவர். இப்போது அவரிடம் வருவது பெரும்பாலும் குபோத்தா, யன்மார், இசெக்கி மாதிரி ஜப்பான்காரன் செய்த சின்ன டிராக்டர்கள், இருபதிலிருந்து முப்பத்தைந்து குதிரைசக்திக்குள். உதவிக்கு அவருடைய தங்கை மகன் இருக்கிறான். வெல்டிங் எல்லாம் அவன்தான்.

செம்பனை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பழுது எவ்வளவு பெரிய இழப்பு என்பது வெளியே இருக்கிறவர்களுக்குப் புரியாது. பழம் வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கணக்கு. தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும், தரம் பார்க்கிறவர் விலையில் கை வைப்பார். அடுத்த வெட்டு பத்துப் பதினான்கு நாளில் வந்துவிடும், அதுவும் காத்திருக்காது. குலைகளை டிரெய்லரில் ஏற்றி மெயின் ரோட்டுக்கு இழுத்து வரும் அந்தச் சின்ன டிராக்டர் நின்றுபோனால், மழையில் ஊறிய மண் பாதையில் தள்ளுவண்டி வைத்துத்தான் தள்ள வேண்டும்.

என்னுடையது இருபத்துநாலு குதிரைசக்தி, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்தது, ரீகானாக இங்கே வந்தது. ஸ்டிக்கர் முழுக்க ஜப்பானிய எழுத்து, கைப்புத்தகம் எதுவும் கூட வரவில்லை. பல வருஷம் நன்றாகத்தான் உழைத்தது. அப்புறம் ஒரு வினோதமான பழுது வந்தது. காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். வெறும் வண்டியாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. புல் வெட்டும் ஸ்லாஷரை மாட்டி இருபது நிமிஷம் போல ஓடியதும் மூச்சுத் திணறி, சத்தம் இறங்கி, நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பாரம் ஏற்றினால் மறுபடி அதே கதை.

நகரத்தில் ஒரு கடையில் காட்டினேன். பெயர் வேண்டாம். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இன்ஜெக்‌ஷன் பம்பு போய்விட்டது, மாற்றினால்தான் சரியாகும்" என்றார்கள். இன்ஜினுக்குள் டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு அது. மூவாயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொன்னார்கள், முன்பணம் கேட்டார்கள், சாமான் வர எத்தனை வாரம் என்று உறுதியாகச் சொல்லவில்லை. அங்கிருந்துதான் வண்டியை அண்ணனிடம் கொண்டு வந்தேன்.

அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. முதலில் கேள்வி. சூட்டில் நிற்கிறதா, பாரத்தில் நிற்கிறதா? நிற்கும்போது கரும்புகை வருகிறதா, புகையே இல்லையா? டேங்கில் எண்ணெய் நிறைய இருக்கும்போதும் நிற்கிறதா, பாதியில்தானா? நான் பதில் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் "ஓட்டுங்க தம்பி, நிக்கட்டும் பாப்போம்" என்று பட்டறைக்குப் பின்னால் இருக்கும் லாலான் புல் காட்டில் ஸ்லாஷரோடு என்னை ஓட்ட விட்டார். வண்டி நின்றதும் ஓடி வந்து, "சாவியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீசல் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். உடனே பிடித்துக்கொண்டது.

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக மூடியில் ஊசிக்கண் அளவு ஒரு துளை உண்டு. அதில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும், பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் டீசல் வராது. வண்டி நின்ற பிறகு மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும். பாரம் இல்லாமல் ஓடும்போது டீசல் செலவு கம்மி, அதனால் தெரியவில்லை. மூடியைத் துடைத்து, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தார்.

நானாக இருந்தால் அதோடு விஷயம் முடிந்தது என்று கிளம்பியிருப்பேன். அவர் விடவில்லை. "இது ஒண்ணு மட்டுமான்னு பாக்கணும்" என்று, ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுத்தமான டீசலை ஊற்றி இன்ஜினுக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு, ஒரு குழாயை நேராகப் பம்புக்குக் கொடுத்தார், திரும்பி வரும் எண்ணெய்க் குழாயையும் அதே போத்தலுக்குள் விட்டார். டேங்க், ஃபில்ட்டர், குழாய் எல்லாம் வழியில் இல்லை. அப்படியே பாரத்தோடு அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது, ஒரு தும்மல்கூட இல்லை. பம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மூவாயிரம் வெள்ளிப் பம்பை ஒரு போத்தலும் ஒரு முழம் குழாயும் காப்பாற்றின.

அப்புறம்தான் ஃபில்ட்டருக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடியில் தண்ணீர் தனியாக, அதற்கு மேல் டீசல் தனியாக நின்றது. இரண்டுக்கும் நடுவில் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு நூலாக வந்தது. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் வளர்கிற கிருமிக் கூட்டம் அது. நம் நாட்டில் 2019-இல் பம்பில் ஊற்றும் டீசலில் செம்பனை பயோடீசல் பத்து விழுக்காடாக ஆனது, அதற்குப் பெயர் பி10. பயோடீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். டேங்கைப் பாதி காலியாக விட்டு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால், இந்த ஊர் ஈரக்காற்றில் டேங்குச் சுவரில் வியர்த்து வியர்த்துத் தண்ணீர் கீழே இறங்கும். செம்பனை விவசாயி என்ற முறையில் பயோடீசலை நான் குறை சொல்லவில்லை, நம் பழத்துக்குச் சந்தை தருவது அதுவும்தான். ஆனால் வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்கை நிரப்பி வைப்பதும், கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை அடிக்கடி வடிப்பதும் இப்போது கட்டாயம். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறோம், அதனால் இந்தப் பழுது கூடத்தான் செய்யும் என்பது அண்ணனின் கணிப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்ட்டர் மாற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்துக் கொடுத்தார். காற்று எடுப்பதை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். ஃபில்ட்டர் மண்டையில் இருக்கும் சின்ன திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். அடுத்தது பம்பில் இருக்கும் திருகு. அப்படியும் பிடிக்கவில்லையென்றால் இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, இன்ஜினைச் சுற்றி, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்க வேண்டும். அந்த இடத்தில் கையை வைக்கவே கூடாது, அவ்வளவு அழுத்தம். எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு, ஃபில்ட்டர் விலையோடு, இருநூறு வெள்ளிக்கு உள்ளேதான்.

அடுத்த பழுது ஹைட்ராலிக். பின்னால் தூக்கும் கை விட்டு விட்டு, குலுங்கிக் குலுங்கி ஏறியது, காலையில் பம்பு ஊளையிட்டது. அளவுகோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது, எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது. மழையில் நனையும் வண்டிக்கு அதுவே போதும், கம்பி வழியாக இறங்கும் தண்ணீர் நேராகக் கியர் பெட்டிக்குள் போகும். இந்தச் சின்ன டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். இதை அறியாமல் சிலர் கெட்டியான கியர் ஆயில் 90-ஐ ஊற்றிவிடுகிறார்கள், அது ஹைட்ராலிக் பம்புக்கு ஆகாது. டிராக்டருக்கென்றே விற்கும் பொது எண்ணெய்தான் வேண்டும். இருபது லிட்டருக்கு மேல் பிடிக்கும், விலையும் சும்மா இல்லை. எண்ணெயை என்னையே கடையில் வாங்கி வரச் சொன்னார். அவர் வாங்கி, மேலே ஒரு விலை வைத்துப் போட்டிருக்கலாம், செய்யவில்லை. வடித்து, உறிஞ்சும் பக்கத்து வலையைக் கழுவி, ரப்பர் உறையை மாற்றினார். முதல் தடவையில் அந்தப் பால் நிறம் முழுக்கப் போகாது, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்போம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். அப்படியேதான் நடந்தது.

அந்த வேலையின்போது அவர் தங்கை மகனைத் திட்டிய ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ராலிக் குழாயில் கசிவு எங்கே என்று பையன் கையால் தடவிப் பார்க்கப் போனான். அண்ணன் ஒரே சத்தம். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் ஊசியாகத் தோலுக்குள் ஏறிவிடும், வெளியே ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும், உடனே ஆஸ்பத்திரியில் அறுத்து எடுக்காவிட்டால் விரலே போய்விடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் தானே ஸ்பேனர் பிடிப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயத்துக்கு வருவோம். ரீகான் வண்டிக்குச் சாமான் இல்லை என்பது பாதி உண்மைதான். முன் சக்கரத்தில் ஒரு பேரிங் இரைய ஆரம்பித்தபோது அண்ணன் அதைக் கழற்றித் துடைத்து, ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 6205. அது உலகம் முழுக்க ஒரே அளவு. உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவட்டம் 52, தடிப்பு 15. ஈப்போவில் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும், டிராக்டர் பெயரையே சொல்ல வேண்டாம். ஆயில் சீலும் அப்படித்தான், ஓரத்தில் 35 52 8 என்று மூன்று எண் இருந்தால் தண்டின் அளவு, வெளி அளவு, தடிப்பு. எண் தேய்ந்துவிட்டால் காலிப்பர் வைத்து அளந்து எழுதிக் கொடுப்பார். உண்மையிலேயே கிடைக்காதது கியர் பல், பம்பின் உள் சாமான் போன்றவைதான். அதற்குப் பிரித்து விற்கும் பழைய வண்டிகளைத் தேட வேண்டும், அதற்கும் அவரிடம் ஆள் இருக்கிறது. என் வண்டியில் ஆயில் சீல் ஏன் போனது என்பதையும் காட்டினார், லாலானும் ஒரு துண்டு நைலான் கயிறும் ஆக்சிலில் சுற்றிச் சுற்றி சீலின் உதட்டையே அறுத்திருந்தது. புதுசு போட்டுவிட்டுச் சுற்றியிருந்ததை எடுக்காமல் விட்டால் அடுத்த மாதமே மறுபடி ஒழுகும்.

பக்கத்துத் தோட்டத்து மச்சான் ஒருவரின் வண்டி சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள். அண்ணன் மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரி 12.6 வோல்ட், நல்ல நிலை. கிளட்ச் பெடலுக்கு அடியில் ஒரு பாதுகாப்பு சுவிட்சு உண்டு, பெடலை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். அந்த சுவிட்சின் ஒயரை எலி கடித்திருந்தது. மச்சான், "சுவிட்சே வேண்டாம்ணே, நேரா இணைச்சு விட்டுடுங்க" என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கியரில் இருக்கும் வண்டி, ஸ்டார்ட் ஆன நொடியே முன்னால் நிற்பவர்மேல் ஏறும் என்றார். ஒயரைச் சேர்த்து, சுவிட்சை வேலை செய்ய வைத்துத்தான் அனுப்பினார். இன்ஜின் சக்தியை ஸ்லாஷருக்குக் கொண்டு போகும் பிடிஓ தண்டின் பிளாஸ்டிக் உறை இல்லாமல் வண்டி வந்தாலும் அப்படித்தான், நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும் தண்டு சாரோங் நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும் என்று, உறை வாங்கி வரும்வரை ஸ்லாஷரை மாட்டிக் கொடுக்கமாட்டார். இதற்காகவே சிலர் அவரைப் பிடிவாதக்காரர் என்கிறார்கள். எனக்கு இந்தப் பிடிவாதம்தான் பிடித்திருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. போன் எடுப்பது அபூர்வம். கை முழுக்க எண்ணெயாக இருக்கும், புரிகிறது, ஆனாலும் ஒரு வாட்சாப் பதிலாவது பையன் போடலாம். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கொண்டு வருவதால் காத்திருப்பு நீளும், எப்போது முடியும் என்று தேதி சொல்லமாட்டார். கேட்டால்தான் ரசீது எழுதுவார், அதுவும் ஒரே வரியில் மொத்தத் தொகை மட்டும். கணக்கு வைத்துக்கொள்கிறவர்கள் சாமான் விலை, கூலி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், தருவார். இடமும் நெருக்கம், வண்டியை நடுவில் பிரித்துக் கிளட்ச் மாற்றும் வேலை ஒன்று உள்ளே இருந்தால் மற்ற வண்டிகள் வெயிலில்தான் நிற்கும். இன்ஜெக்‌ஷன் பம்பு, இன்ஜெக்டர் அழுத்தம் பார்ப்பது இரண்டையும் அவர் செய்வதில்லை. அதற்கான சோதனை மேசை தன்னிடம் இல்லை என்று சொல்லி ஈப்போவுக்கு அனுப்பிவிடுவார். இதை நான் குறையாக எண்ணவில்லை, தெரியாத வேலையில் கை வைத்துக் கெடுப்பவர்களைப் பார்த்தாயிற்று.

போவதாக இருந்தால் சில விஷயம் செய்துவிட்டுப் போங்கள், வேலை சீக்கிரம் முடியும். வண்டியின் மாடல் தகடு, இன்ஜின் எண், ஓடிய மணிநேரம் காட்டும் மீட்டர் மூன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கசிகிறது என்றால் வண்டியைப் பளபளவென்று கழுவிக்கொண்டு போகாதீர்கள், கசிந்த தடம்தான் அவருக்கு வழி காட்டும். சூடேறும் வண்டியென்றால் மட்டும் முதலில் ரேடியேட்டர் முன்னால் இருக்கும் வலையை நீங்களே உருவிப் பாருங்கள், லாலான் பூவும் செம்பனை நாரும் அடைத்திருந்தால் தட்டி எடுத்தாலே பாதிப் பேருக்குப் பட்டறைக்குப் போகும் வேலை மிச்சம். காற்றாடி பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். பேட்டரி சந்தேகமாக இருந்தால் ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் ஒருவர் மீட்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பத்து வோல்ட்டுக்குக் கீழே நன்றாக விழுந்தால் பேட்டரியையோ அதன் முனைகளையோதான் முதலில் பார்க்க வேண்டும்.

நகரத்துக் கடையைவிட இங்கே மலிவு என்பதற்காக நான் போகவில்லை. சில வேலைக்குக் கூலி கொஞ்சம் கூடத்தான், பேரம் பேசினால் முகம் சுருங்கும். பழுதின் காரணத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டு, கழற்றிய சாமானைக் கையில் கொடுத்துவிட்டுக் காசு கேட்கிறார். அந்த மரியாதைக்காகத்தான் போகிறேன். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம், போன் எடுத்தால் முழு ஐந்து.

ஞாயிறு மதியத்துக்கு மேல் திறந்திருக்காது. பணம் ரொக்கமாகவும் கொடுக்கலாம், கியூஆர் அட்டை பையனிடம் இருக்கிறது. வண்டியை ஏற்றி வர லோரி வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள், பட்டணத்தில் பிடிப்பதைவிடக் குறைவாக முடித்துத் தருவார். லோரியில் ஏற்றுவதற்கு முன் ஸ்லாஷரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வார், பழுது ஸ்லாஷரிலோ பாரத்திலோ இருந்தால் ஒழிய.